நெருக்கடி வந்தால் சங்கம் என்ன செய்ய வேண்டும்? பாலாற்றுப் பகுதி தரும் பாடம்

கிணற்று நீர் ஒரு நாள் காலையில் கரிக்கத் தொடங்குகிறது. நாற்றின் நுனி கருகுகிறது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. இப்படிப்பட்ட நாளில் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆலைத் தரப்பில் கேட்டால் எங்கள் தண்ணீர் அல்ல என்பார்கள். அலுவலகத்தில் கேட்டால் பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள். அதற்குள் ஒரு மழை பெய்து தண்ணீர் தெளிந்துவிட்டால், நடந்ததற்கு அடையாளமே இராது. பயிர் போன விவசாயியின் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும்.

நெருக்கடி என்பது வெள்ளத்தைப் போல ஒரே இரவில் வருவதும் உண்டு. உவர் ஏறுவது போலப் பல ஆண்டுகள் மெல்ல வருவதும் உண்டு. எப்படி வந்தாலும், அதைச் சமாளிக்க வேண்டிய அமைப்புகள் தொடக்கத்தில் என்ன சொல்லின, எதை எழுதி வைத்தன, யாருக்குத் தெரிவித்தன என்பதைப் பொறுத்தே நஷ்டம் குறைகிறது அல்லது கூடுகிறது. ஆலைக்கும், அரசு வாரியத்துக்கும், விவசாயிகள் சங்கத்துக்கும் இது பொது விதி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

தோலும் தண்ணீரும்

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டுக் கொண்டுவரப்படுகிறது. அதை முதலில் ஊறவைத்துக் கழுவும் நீரில் அந்த உப்பு முழுவதும் இறங்கிவிடுகிறது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் தோல் பதனிடப்பட்டது. 1970-களில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதும் முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதையடுத்து இப்பகுதியில் குரோமியம் கொண்டு பதனிடுவது பரவியது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோமியப் பதனிடலில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்டுள்ளது.

இந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஒரே வீட்டில் அண்ணன் வயலிலும் தம்பி தோல் ஷாப்பிலும் வேலை செய்வது இவ்வட்டாரத்தில் சாதாரணம். ஆகவே தொழில் வேண்டுமா, விவசாயம் வேண்டுமா என்று கேட்டால் பாதி ஊர் ஒரு பக்கமும் பாதி ஊர் மறு பக்கமும் நிற்கும். கழிவு எங்கே போகிறது, அதைப் பற்றி யார் யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பத்தாண்டு அவகாசம்

சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்படி தோல் ஆலைகளை அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் கேட்டுக்கொண்டு வந்தன. பல ஆலைகள் சேர்ந்து பொது நிலையம் அமைத்துக்கொள்ள மானியமும் தருவதாகச் சொல்லப்பட்டது. அவகாசம் மேல் அவகாசம் தரப்பட்டும் பல ஆலைகள் அமைக்கவில்லை. இந்நிலையில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வு கூறியது. அந்த எண் வழக்கில் இடம்பெற்றது. விவசாயிகளின் குறையை நீதிமன்றத்தின் முன் வைக்க உதவியது இப்படிப்பட்ட அளந்த கணக்குதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும் என்பது ஒரு விதி. மாசு செய்தவரே நஷ்டஈடும் தர வேண்டும், கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. வழக்கில் சம்பந்தப்பட்ட ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. குறித்த கெடுவுக்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

பத்தாண்டு அவகாசத்தில் ஆலைகள் ஒழுங்காகக் கணக்குக் காட்டி, இன்ன தேதிக்குள் இன்ன வேலை முடியும் என்று ஊருக்கும் வாரியத்துக்கும் சொல்லி, அதன்படி நடந்திருந்தால் இந்த நிலை வந்திராது. தள்ளிப்போட்ட பேச்சு கடைசியில் நீதிமன்ற வாசலில் போய் நின்றது. அதற்குள் விளைநிலம் உவராகிவிட்டது.

நஷ்டஈட்டுக் கணக்கு

நஷ்டத்தை மதிப்பிட, தீர்ப்பின்படி ஒரு தனி ஆணையம் 1996-லேயே அமைக்கப்பட்டது. அது 2001 மார்ச் 7 அன்று வேலூர் வட்டாரத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கண்டு, 547 தோல் ஆலைகள் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று முடிவு செய்தது. 1991 முதல் 1998 வரையிலான நஷ்டத்துக்கு இந்தத் தொகை. சராசரியாகப் பங்கிட்டால் ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம் வரும். பின்னர் 2009 ஆகஸ்டில் மேலும் 1,377 பேருக்கு 2 கோடியே 91 லட்சம் ரூபாய் என முடிவாயிற்று.

இந்தப் பணம் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் நஷ்டஈடு வழங்கும்படி உத்தரவிட்டனர். அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் சொல்லப்பட்டது. முதல் முடிவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய 24 ஆண்டுகள். நாற்பது வயதில் மனுக் கொடுத்தவருக்கு அறுபத்து நாலு வயதாகிவிட்டது. இத்தனை காலம் தாங்கி நிற்பது எழுத்தில் உள்ள ஆதாரம் ஒன்றே. ஆள் மாறினாலும், அதிகாரி மாறினாலும், மாவட்டமே 2019-இல் மூன்றாகப் பிரிந்தாலும் பட்டியலில் ஏறிய பெயர் நிற்கிறது.

ராணிப்பேட்டையில் ஓர் இரவு

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், தோல் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. கழிவுச் சேறு பக்கத்து ஆலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எழுந்து ஓட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மாசைத் தடுக்கவே ஏற்பட்ட நிலையம் உயிரைக் கொண்டுபோயிற்று.

அதே ராணிப்பேட்டையில் குரோமிய இரசாயனங்கள் தயாரித்த ஓர் ஆலை 1995-இல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. ஆலை நடக்கும்போது கேள்வி கேட்கவாவது ஆள் இருந்தது. மூடிய பிறகு பதில் சொல்ல ஆளில்லாமல் கழிவு மட்டும் கிடக்கிறது.

இவ்விரண்டிலும் ஊராருக்குரிய பாடம் ஒன்றே. அபாயமான பொருள் பக்கத்தில் தேங்கியிருந்தால், அது என்ன, எவ்வளவு, உடைந்தால் எந்தப் பக்கம் பாயும், இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நான்கையும் நல்ல நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளியூர் அனுபவம் இரண்டு

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் போபாலில் விஷவாயு கசிந்தது. ஊரை எழுப்ப வேண்டிய அபாயச் சங்கு உரிய நேரத்தில் தொடர்ந்து ஒலிக்கவில்லை. கசிந்தது என்ன வாயு, அதற்கு என்ன வைத்தியம் என்ற விவரம் மருத்துவமனைகளுக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. முகத்தில் ஈரத் துணி போட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு சொல் பல உயிர்களைக் காத்திருக்கும் என்று பின்னர் பேசப்பட்டது.

இதற்கு நேர்மாறானது 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்தது. டைலெனால் என்னும் வலி மாத்திரையில் எவனோ சயனைடு கலந்துவிட்டதால் ஏழு பேர் இறந்தனர். தவறு கம்பெனியுடையது அல்ல. ஆயினும் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று உடனே நாடு முழுவதும் அறிவித்து, சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பிறர் பிரித்தால் தெரியும்படியான புது உறையில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. பெருத்த நஷ்டம்தான்; ஆனால் மக்களின் நம்பிக்கை திரும்பியது. நெருக்கடியில் வாய் திறப்பதற்கு ஆகும் செலவைவிட வாய் மூடியிருப்பதற்கு ஆகும் செலவே அதிகம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

சங்கம் செய்ய வேண்டிய ஆறு காரியங்கள்

1. முதல் நாளே எழுத வேண்டும். சங்கத்தில் இதற்கென ஒரு நோட்டு இருக்க வேண்டும். எந்தக் கிணறு, சர்வே எண், தேதி, நேரம், தண்ணீரின் நிறம், வாடை, நுரை, பயிரின் நிலை, கால்நடையின் நிலை ஆகியவற்றைக் குறித்து, அண்டை நிலத்தார் இருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கலாம்.

2. ஊரை எச்சரிக்க வேண்டும். இன்ன கிணற்றுத் தண்ணீரைச் சோதனை முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் காட்ட வேண்டாம், நாற்றங்காலுக்குப் பாய்ச்ச வேண்டாம் என்று ஒலிபெருக்கியிலோ தண்டோரா போட்டோ அறிவிக்க வேண்டும். காய்ச்சினால் உப்போ குரோமியமோ போகாது என்பதையும் பெண்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

3. ஒருவரே பேச வேண்டும். தலைவர் ஒன்றும் செயலாளர் வேறொன்றும் சொன்னால் எதிர்த்தரப்புக்கு அதுவே வசதி. பேசுபவர் இன்னார், அவர் இல்லாவிட்டால் இன்னார் என்று முன்னதாகவே தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.

4. தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் குறைவில்லை. பத்து ஏக்கர் கருகியதை நூறு ஏக்கர் என்று சொன்னால், பிறகு அந்தப் பத்தையும் நம்ப மாட்டார்கள். ஆதாரமின்றி ஓர் ஆலையின் பெயரைச் சொன்னால் வழக்கு திசை மாறிவிடும்.

5. எதிர்த்தரப்புக்கும் எழுத வேண்டும். அருகிலுள்ள ஆலைக்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, இன்ன நாளில் இன்னது கண்டோம், உங்கள் பக்கம் உடைப்போ கசிவோ உண்டா என்று மரியாதையாகக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, நகலும் ரசீதும் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தால் அதுவும் சாட்சி. வராவிட்டால் அதுவும் சாட்சி.

6. அடுத்த செய்தி எப்போது என்று நாள் குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் சொல்வோம் என்றால், புதுச் செய்தி இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் கூடி, இன்னும் முடிவு வரவில்லை என்று சொல்ல வேண்டும். பேச்சு நின்ற இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது.

தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி?

மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு வரும் நீரையே பிடிக்க வேண்டும். ஒரு லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு, நிறையப் பிடித்து இறுக மூட வேண்டும். மருந்துப் புட்டி, எண்ணெய்ப் புட்டி உதவாது. பெயர், ஊர், சர்வே எண், தேதி, நேரம் எழுதிய சீட்டை ஒட்டித் தாமதமின்றிச் சோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும்.

முடிவில் மின்கடத்தும் திறன் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். இதை முன்பு மில்லிமோ என்று குறித்தார்கள், இப்போது டெசிசைமன் என்கிறார்கள், எண் ஒன்றேதான். 0.75-க்குள் இருந்தால் பாசனத்துக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் நல்ல வடிகாலும் உப்பைத் தாங்கும் பயிரும் வேண்டும். 2.25-க்கு மேல் போனால் சாதாரணமாகப் பாசனத்துக்கு ஏற்றதல்ல. குரோமியச் சோதனை வழக்கமான பாசன நீர்ச் சோதனையில் சேராது. தனியாகக் கேட்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது.

விவசாயி தாமே எடுத்துச் செல்லும் மாதிரி ஓர் எச்சரிக்கை மணி போன்றது. ஆலையின் மீது நடவடிக்கைக்கு வாரியம் தானே சட்ட முறைப்படி எடுக்கும் மாதிரி தேவை. எனவே முதல் நாளே வாரியத்துக்கு மனுக் கொடுத்து, வந்து மாதிரி எடுக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

எங்கே, எந்தக் கெடுவுக்குள்?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு முதல் மனு. திங்கட்கிழமை நடக்கும் மாவட்ட ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதன் நகல். ஒவ்வொன்றுக்கும் மனு எண்ணுடன் ரசீது பெற வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, பயிர் கருகியதும் நிலம் தரிசாகக் கிடப்பதும் அடங்கலில் உள்ளபடி ஏறுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் நஷ்டஈடு கேட்கும்போது பட்டா, சிட்டா, அடங்கல் ஆகிய மூன்றும் கை கொடுக்கும்.

வாரியம் சோதித்த முடிவு தெரியாவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. அங்கே நஷ்டஈடு கேட்க, காரணம் முதலில் தோன்றிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. நஷ்டஈடு அல்லாத பிற சுற்றுச்சூழல் வழக்குக்கு ஆறே மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கலாம். முதல் நாள் எது என்று நிரூபிக்கச் சங்க நோட்டு எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்து புரியும். தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி அளிக்கிறது.

நம் சங்கத்தில் தவறு நேர்ந்தால்?

நெருக்கடி எப்போதும் வெளியிலிருந்தே வரும் என்பதில்லை. பால் சங்கத்தில் ஒரு நாள் பால் கெட்டுப் பலருக்கு வயிற்றுப்போக்கு வரலாம். உழவர் உற்பத்தியாளர் குழு கொடுத்த விதை முளைக்காமல் போகலாம். அப்போது கணக்கை மறைத்து, செய்தி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல ஓரிருவர் இருப்பார்கள். ஆலைகளிடம் எந்த நேர்மையை எதிர்பார்க்கிறோமோ, அதே நேர்மை நமக்கும் பொருந்தும். விநியோகத்தை உடனே நிறுத்தி, வாங்கியவர்களுக்கு அன்றே சொல்லி, நஷ்டத்துக்கு வழி சொல்லும் சங்கம் அடுத்த ஆண்டும் நடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது

மழைக் காலங்களில் பாலாற்றில் நுரை பொங்குவதும், கழிவு கலந்ததாகப் புகார் எழுவதும் அண்மை ஆண்டுகளிலும் நடந்திருக்கின்றன. எனவே பருவமழைக்கு முன்பே, தண்ணீர் நன்றாக இருக்கும்போது ஒரு முறை கிணற்று நீரைச் சோதித்து, அந்தச் சீட்டைப் பட்டாவோடு பத்திரப்படுத்துவது நல்லது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்பவரிடம், முன்பு நன்றாக இருந்ததற்கு என்ன ஆதாரம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இன்று எடுத்து வைக்கும் ஒரு புட்டித் தண்ணீரில் இருக்கிறது.